ஜன்னலோர வேலை

டென்ஷன் இல்லாத வேலை என்று ஒன்று உலகத்தில் இருக்கிறதா இல்லையா, அதை முதலில் யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

காலையில் சூப்பர் மார்க்கெட்டில் தக்காளி பொறுக்குகிறேன். நல்லது ஒரு கூடை, அழுகியது ஒரு கூடை. அது முடிந்து கல்லூரி. அந்தச் சம்பளம் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்குமே சரியாகப் போய்விடுகிறது. ஃபீஸுக்காக அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரண்டு ஷிஃப்ட் நின்று போர்வைகளுக்கு இஸ்திரி போடுகிறாள். வீட்டுக்கு வந்தால் முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவாள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் மேல் கோபம் என்றுதான் தெரியாது.

போன வருஷம் நானும் இரண்டாவதாக ஒரு வேலைக்குப் போனேன். போனில் புகார் கேட்கிற வேலை. தூக்கம் கெட்டு, பரீட்சை ஹாலில் மயங்கி விழுந்தேன். அன்றைக்கு அம்மா தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள்: "இன்னொரு தடவை ரெண்டாவது வேலைன்னு என் காதுல விழுந்துச்சு, காலேஜும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம்னு வீட்ல உக்கார வச்சிடுவேன்." சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை என் அம்மா. செய்துவிடுவாள்.

ஆனால் அவளுடைய ஒரு ஷிஃப்டையாவது நான் நிறுத்தியாக வேண்டும். அதற்கு அலுப்பில்லாத வேலை வேண்டும், படிக்க விடுகிற வேலை வேண்டும், அம்மா காதுக்குப் போகாத வேலை வேண்டும். என் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள். வாயை மூடவே மாட்டாள் என்பதால் ரேடியோ என்று கூப்பிடுவோம். அவளிடம் கேட்டேன்.

"நாயை வாக்கிங் கூட்டிட்டுப் போறியா?"

"நாய்க்கு என்னைக் கண்டா ஆகாதுடி."

"குழந்தையப் பாத்துக்கிறியா?"

"எனக்குக் குழந்தையக் கண்டா ஆகாது."

"அப்ப சும்மா உக்கார்றியா?"

கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படி ஒரு வேலை இருந்தது.

கடைத்தெருவில் புதிதாகத் திறந்த காபிக்கடை. முதலாளி ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். என்னை ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்தார். "காலியா கெடக்கிற கடைக்குள்ள யாரும்மா வருவாங்க? உள்ள ஒரு ஆள் ஜாலியா குடிக்கிறதப் பாத்தாதான் நாலு பேரு எட்டிப் பாப்பாங்க. சாயங்காலம் வா, உக்காரு, குடி, போ. ஆனா நான் சம்பளம் குடுத்து உக்கார வச்சேன்னு வெளிய மூச்சு விடக்கூடாது."

"படிக்கலாமா சார்?"

"தாராளமா."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாளே ஆரம்பித்தார். "அவ்ளோ உம்முனு படிக்காதம்மா, லைப்ரரின்னு நினைச்சுக்கப் போறாங்க." சரி என்று சிரித்துக்கொண்டே புள்ளியியல் புத்தகத்தைப் பிரித்தேன். "தனியா சிரிக்காத, பயந்துருவாங்க." வேகமாகக் குடித்தால் அவசரத்தில் இருக்கிற மாதிரித் தெரிகிறதாம். மெதுவாகக் குடித்தால் காபி நன்றாக இல்லை என்று தெரிகிறதாம். ஒரு மனுஷி வேறு எப்படித்தான் ஐயா காபி குடிப்பது? நான் இங்கே வேலை செய்கிறேனா, ஓய்வெடுக்கிறேனா, படிக்கிறேனா, நடிக்கிறேனா, தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உள்ளே ஒரு ஆளும் வரவில்லை. இப்படியே போனால் என்னை அனுப்பிவிட்டுக் கடையையும் இழுத்து மூட வேண்டியதுதான் என்று முதலாளி புலம்ப ஆரம்பித்தார்.

நேற்றுச் சாயங்காலம் எதிர் மருந்துக்கடையிலிருந்து ஒரு பெண் களிம்பு டப்பாவும் கையுமாக இறங்கினாள். ஒரு காலை லேசாக இழுத்து நடந்தாள். தெரிந்த நடையாக இருக்கிறதே என்று பார்த்தேன். அம்மா.

மேசைக்கு அடியில் புகுந்துவிடலாமா, புத்தகத்தைத் தூக்கி முகத்தை மறைக்கலாமா என்று நான் யோசிப்பதற்குள் அவள் என்னைப் பார்த்துவிட்டாள். தெருவைக் கடந்தாள். கதவைத் தள்ளினாள். தொலைந்தது, காலேஜ் போச்சு என்று நினைத்தேன்.

எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோப்பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அம்மா, அது வந்து..."

"எதுக்குடி இந்த முழி முழிக்கிற? காபிதானே குடிக்கிற, கொலையா பண்ணிட்ட?"

சிரித்தாள். திட்டப்போகிறாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சிரிப்பை என்ன செய்வதென்றே தெரியவில்லை.

முதலாளி துணியும் கையுமாக ஓடிவந்து மேசையைத் துடைத்தார். என்னை யாரென்றே தெரியாத பாவனை வேறு. "வாங்கம்மா, என்ன சாப்பிடறீங்க?"

"இவ குடிக்கிறதே எனக்கும் ஒண்ணு குடுங்க."

என்னைப் பார்த்துவிட்டுக் கடைக்குள் வந்த முதல் ஆள் என்னைப் பெற்றவள். அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து முதலாளி எனக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அந்த விரலைக் கடித்துத் துப்பலாம் போல இருந்தது.

அம்மா ஒவ்வொரு வாயாகக் குடித்தாள். கடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "பஸ்ல போறப்ப பாப்பேன்டி. காலேஜ் புள்ளைங்க எல்லாம் இப்படித்தான் கண்ணாடி ஓரமா உக்காந்து பேசிக்கிட்டு இருக்கும். நம்ம பொண்ணு மட்டும் விடிஞ்சா தக்காளியோட கெடக்குதேன்னு மனசு அடிச்சுக்கும். இப்பதான் நிம்மதியா இருக்கு. நான் ரெண்டு ஷிஃப்ட் நிக்கிறதே இதுக்குத்தானே."

வாயைத் திறந்தேன். சொல்லிவிட்டால் காலேஜ் போகும். அது போனால் போகட்டும், இந்த முகமும் போய்விடுமே! சொல்லாவிட்டால் அவள் இரண்டு ஷிஃப்டும் நின்றுகொண்டே இருப்பாள். அதை நிறுத்தத்தானே நான் இங்கே வந்து உட்கார்ந்தேன்? எந்தப் பக்கம் போனாலும் இடித்தது. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அம்மா என் காபிக்கும் சேர்த்துப் பணத்தை எடுத்து வைத்தாள்.

"நான் குடுக்கிறேன்மா."

"கம்முனு இரு. எனக்குக் குடுக்கணும்னு ஆசையா இருக்கு."

மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அடுத்த ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதாம். "தினமும் வாடி இங்க. நாளைக்கு என் கூட நிக்கிறாங்களே ரெண்டு பேர், அவங்களையும் கூட்டிட்டு வரேன். என் பொண்ணு உக்கார்ற கடைன்னு காட்டணும்."

போய்விட்டாள். ஜன்னலுக்கு வெளியே நின்று ஒரு தடவை கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். அவள் தலை கூட்டத்தில் மறைந்த பிறகுதான் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

முதலாளி கோப்பைகளை எடுக்க வந்தார். அதற்குள் அவருக்கும் விஷயம் புரிந்திருந்தது.

"அழாதம்மா," என்றார் மெல்ல. "வெளியிலேருந்து பாத்தா தெரியும்."