உள்ளங்காலுக்கு எண்ணெய்

கடைவாய்ப்பல் இரண்டாகப் பிளந்திருந்தது. “தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்க,” என்றார் பல் டாக்டர்.

“முழிச்சிருக்கும்போதும் அப்படித்தான் டாக்டர். பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் நாளை ஓட்டுறேன்.”

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிக்குமளவு வாய் திறக்கவில்லை.

விமானங்களுக்கு வழி சொல்லும் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு வேலை. இருட்டான அறை, காதில் மாட்டிய ஹெட்செட், திரையில் ஊரும் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியின் பக்கத்திலும் ஓர் எண், அதன் உயரம். வீட்டில் கண்ணை மூடினாலும் அவை ஊர்ந்துகொண்டிருந்தன. பல் உடைந்த சில வாரங்களில், ஒரு விமானி இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான் அவளுக்குக் காதில் விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் மேலதிகாரி தனியே அழைத்து, “கொஞ்ச நாள் லீவு போட்டு நல்லா தூங்கிட்டு வாம்மா,” என்றார், தூக்கம் ஏதோ கடையில் கிடைப்பது போல. மாத்திரை போட்டுத் தூங்கினால் அந்த நாற்காலியில் உட்கார விடமாட்டார்கள். அதனால்தான் பக்கத்து இருக்கைக்காரி சொன்ன ஆயுர்வேத டாக்டரிடம் போனாள்.

டாக்டர் அவள் வயதுக்காரிதான். மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பார்த்தாள். மாடிப்படியில் யாரோ ஏறி இறங்கினார்கள். விரல்களை எடுக்கவில்லை. தன் கையை ஒருவர் இவ்வளவு நேரம் பிடித்திருந்து எத்தனை காலமாயிற்று என்று நினைத்தாள். இருமுவது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“வாதம் ஏறிக் கிடக்கு. நேரத்துக்குச் சூடா சாப்பிடுங்க, போனைப் பாக்காம. படுக்கறதுக்கு முன்னாடி இந்த எண்ணெயை இளஞ்சூடாக்கி உள்ளங்கால்ல தேய்க்கணும். வீட்ல யாராவது தேச்சுவிட்டா ரொம்ப நல்லது. நீங்களே தேச்சுக்கிட்டா அதுவும் ஒரு வேலையாப் போயிடும். யாரு இருக்கா வீட்ல?”

“வீட்டுக்காரர்.”

“அப்புறமென்ன.”

வீட்டுக்காரன் ஒரு பெரிய ஹோட்டலில் தலைமைச் சமையல்காரன். அவள் கிளம்பும்போது அவன் தூங்குவான். அவன் திரும்பும்போது அவள் தூங்குவது போல் கிடப்பாள். எழுப்பிவிடக் கூடாதென்று அவன் கூடத்துச் சோபாவில் படுக்க ஆரம்பித்தான். அக்கறைதான். அந்த அக்கறை இரண்டு வருடமாக நீண்டுவிட்டது. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம். சண்டைக்கும் நேரம் வேண்டுமே.

கால் தேய்த்துவிடு என்று கேட்பது என்ன பெரிய காரியம்? ஆகாயத்தில் இருப்பவனை இடப்பக்கம் திரும்பு, கீழே இறங்கு என்று தயங்காமல் ஏவுகிறவளுக்கு இது நாக்கில் வரவில்லை. தானே தேய்த்துக்கொண்டாள். தூக்கம் வராமல் வீட்டுக்குள் நடந்தாள்.

அவள் லீவில் இருந்த ஒருநாள் காலை, சோபாவிலிருந்து எழுந்து வந்தவன் நடையில் வழுக்கி, கதவைப் பிடித்துக்கொண்டு தப்பித்தான். தரையில் எண்ணெய்க் கால் தடங்கள். அவற்றைத் தொடர்ந்து அறைக்குள் வந்தவன், புட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தான்.

“இது எந்தத் தாளிப்புக்கு?”

அவள் சொன்னாள். எண்ணெயைப் பற்றி ஆரம்பித்து, பல்லில் வந்து நின்றாள்.

“பல்லு உடைஞ்சுதா? எப்போ?”

“போன மாசம்.”

“எங்கிட்டச் சொல்லவே இல்லையே.”

“நீ தூங்கிட்டிருந்த.”

சமையலறைக்குப் போய் எண்ணெயைச் சூடாக்கி, ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டுப் பார்த்தபடி வந்தான். கட்டிலின் கால்மாட்டில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, அவள் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். அவன் கைக் கட்டைவிரல் காய்த்துப் போயிருந்தது. முன்கையில் அவள் பார்த்திராத ஒரு புதுத் தீக்காயம்.

“மெதுவா. மாவு பிசையற நெனப்பா?”

“மாவு கோவிச்சுக்காது.”

அவள் சிரித்தாள். தாடை வலித்தது.

“முன்னெல்லாம் எவ்வளவு பேசுவ,” என்றான் அவன். “ரேடியோன்னுகூடப் பேரு வெச்சேன்.”

“பேச்செல்லாம் அங்கேயே தீந்துபோயிடுது.”

விரல் குதிகாலில் தொடங்கி மெல்ல மேலேறி வந்தது. வெகு ஆழத்தில் ஏதோ முடிச்சு நெகிழ்ந்தது. யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிடலாம் போலிருந்தது. கூரையைப் பார்த்தபடி ஆரம்பித்தாள்.

“அன்னைக்கு ஒரு விமானி என்னைக் கூப்பிட்டிருக்கான். எனக்குக் கேக்கவே இல்ல. ரெண்டாவது தடவைதான் கேட்டுச்சு. அதுலேருந்து எனக்குப் பயமா இருக்கு. மறுபடி அந்த நாற்காலில...”

கட்டைவிரல் நின்றிருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தாள். சுவரில் சாய்ந்தபடியே அவன் தூங்கிப்போயிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கருமை. இவனுடைய மணிக்கட்டை யார் பிடித்துப் பார்த்தார்கள் என்று நினைத்தாள். உள்ளங்கை மட்டும் அவள் பாதத்தை விடாமல் பற்றியிருந்தது, கதகதப்பாக.

கழுத்து ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தது. எழுந்தவுடன் வலிக்கும். தலைமாட்டிலிருந்த தலையணையை உருவி, மெல்ல நிமிர்ந்து, அவன் பக்கமாக நீட்டினாள். காலை எடுத்தால் எட்டும். எடுக்கவில்லை. ஒரு சாண் எட்டாத தலையணையைக் காற்றில் பிடித்தபடி அப்படியே இருந்தாள்.