பிப்ரவரிக்கு ஒரு மரம்

மலேசியாவில் லாபிஸ் ஊர் மளிகைக்கடை ஜெயபாலன் வாடிக்கையாளர்களுக்கு வருடாவருடம் தரும் காலண்டரில் முருகன்தான் இருப்பார். இந்த முறை நம்ம ஊர்ப் படங்களைப் போட்டால் என்ன என்று அவருக்கு ஆசை. கேமராவும் கையுமாகத் திரியும் சாருமதியிடம் போன வருடமே சொல்லிவைத்தார்: மாதத்துக்கு ஒரு படம், தேறாவிட்டால் மறுபடி முருகன்.

சாருமதி தேவகோட்டையிலிருந்து கல்யாணமாகி வந்தவள். அங்கே கண்மாயை எட்டிப் பார்த்தாலே என்ன மாதம் என்று தெரிந்துவிடும். இங்கே எப்போதும் மழை, எப்போதும் பச்சை. "இங்க சீசனே கெடையாது லா" என்று கணவன் விஜயன் சிரிப்பான். அவளால் நம்ப முடியவில்லை. இந்த மண் எங்காவது மாதத்தைக் காட்டிக்கொடுக்காமலா போகும்? வருடம் முழுக்கத் தேடினாள். தேடிப் பிடித்தது ஊரார் வீடுகளில் தொங்க வேண்டும். தொங்கினால், தானும் இந்த ஊர்க்காரிதான்.

வருட முடிவில் கடையின் கல்லாமேஜையில் படங்களைப் பரப்பினாள். ஜனவரிக்கு வெள்ளம், ஜூலைக்கு டுரியான். பிப்ரவரியைக் கையிலெடுத்த ஜெயபாலன் அப்படியே நிறுத்தினார். மொட்டை மரங்கள், தரை முழுக்கச் சருகு.

"அலமாக்! இது உன் ஊர்ல எடுத்ததா தங்கச்சி? ஆளுங்க சிரிப்பாங்க லா."

"லாபிஸ்லதாண்ணே எடுத்தேன்."

"இங்கயே பொறந்தவன்கிட்டயே கதை விடுறியா? வேணாம், முருகனே இருக்கட்டும்."

சாருமதி விடவில்லை. "அது உங்க கித்தாத் தோட்டம்ணே."

தன் ரப்பர் தோட்டமா என்று அவர் பெரிதாகச் சிரித்தார். அரிசி நிறுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி கஸ்தூரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"நம்ம மரந்தாங்க! பால் வடியற மங்குல நான் சுத்துன செவப்புக் கம்பி தெரியுது பாருங்க. வருசாவருசம் எல கொட்டும், பாலும் கொறையும். கொறஞ்சா எங்கிட்ட கத்துவீங்களே, ஒரு நாளாச்சும் தலைய நிமித்தி மேல பாத்திருக்கீங்களா?"

ஜெயபாலன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். ஒவ்வொரு கிளையாக மேலே பார்த்துக்கொண்டே போனார். காசு கொடுக்கச் சார்டின் டின்னோடு நின்ற கிழவர் இருமிப் பார்த்தார், பலிக்கவில்லை.

"மங்குல பாலைத்தான் பாத்திருக்கேன் போல," என்றார் கடைசியில். "சரி, இது இருக்கட்டும். முருகன அட்டைக்கு வெச்சுக்கலாம். மார்ச்சுக்கு என்ன?"

சாருமதி அடுத்ததை நீட்டினாள். செம்பு நிறத்தில் தளதளவென்று இளந்தளிர்.

"இது எங்கன்னா..."

"நீ சொல்லாத," என்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் ஜெயபாலன். "நானே கண்டுபிடிக்கிறேன்."