லைன்தான் மந்தம்

1

இதை நான் கதையாக எழுத உட்காரவில்லை. கே.கே. நகரிலிருந்து வெளிவரும் ஒரு கணினி மாத இதழுக்கு வலியுல்லா ஆசிரியர். அவர் என்னிடம் கேட்டது ஒரு கட்டுரை.

"லேப்டாப்புல இன்டர்நெட் ஸ்லோவா வருதுன்னு ஆளாளுக்குக் கேக்குறாங்க சார். என்ன பண்ணலாம்னு ரெண்டு பக்கம் எழுதுங்க. படிச்சவன் மறுநாள் காலைல செஞ்சு பாக்கணும். கதை மட்டும் வேணாம்."

ஒப்புக்கொண்டேன். அடையாறில் ஒரு செஸ் கிளப் நடத்தும் பத்ரிநாராயணன், "எங்க டீம்ல ஒரு மாமி இருக்கா, அவாளைக் கேளுங்கோ" என்று மயிலாப்பூர் முகவரி ஒன்று தந்தார். போனேன், கேட்டேன், அன்று மாலையே கட்டுரையைத் தொடங்கினேன்:

'உங்கள் இணைப்பு மந்தமாக இருந்தால், முதலில் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்து—'

அதற்கு மேல் ஓடவில்லை. காதில் வைத்தவரின் முகம் குறுக்கே வந்து நின்றுவிட்டது. வலியுல்லா மன்னிக்க வேண்டும்.

2

தொடக்கம் ஒன்று: 'ஹம்சா மயிலாப்பூரில் ஒரு பள்ளியின் கணக்கு ஆசிரியை.' (பள்ளிக்கூட ஆண்டு மலரில் வரும் வாக்கியம். வேண்டாம்.)

தொடக்கம் இரண்டு: 'அறுபத்து நான்கு கட்டங்களும் வாழ்க்கையைப் போலவே—' (இதை எழுதிய விரலை மடக்கிக்கொண்டேன்.)

தொடக்கம் மூன்று: '1998ஆம் ஆண்டு, நாற்பத்திரண்டாவது வயதில், ஹம்சாவுக்குத் தன் மூளை மேலேயே சந்தேகம் வந்தது.'

இது நிற்கும்.

(அவர் என்று எழுதினால் பேட்டி, அவள் என்று எழுதினால் கதை. இனி அவள்.)

கல்லூரி நாட்களில் அவள் மாநில அளவில் செஸ் ஆடியவள். கல்யாணத்துக்குப் பிறகு பலகை பரணுக்குப் போனது. அமெரிக்காவிலிருந்து வந்த தம்பி தன் பழைய லேப்டாப்பை அவளிடம் விட்டுவிட்டுப் போனான். வீட்டின் பின்னறையில் ஒரு தொலைபேசி எக்ஸ்டென்ஷன் உண்டு. அந்த வயரை லேப்டாப்பில் செருகி டயல் செய்தால், கொஞ்ச நேரம் கீச்சிட்டுவிட்டு இன்டர்நெட் வரும். அதில் ஒரு செஸ் தளம். உலகத்தில் எங்கோ இருக்கும் ஒருவர் எதிரே உட்கார்ந்துவிடுவார். வீட்டில் யாருக்கும் தெரியாமல், கதவைச் சாத்திக்கொண்டு ஆடினாள். அங்கே அவள் ஆட்டத்தைக் கவனித்துத்தான் பத்ரிநாராயணன், அதே தளத்தில் மேட்ச் ஆடும் தன் அணியில் சேர்த்தார்.

3

சேர்ந்தபின் தொடர்ந்து தோற்றாள். காய் இழந்து அல்ல, நேரம் இழந்து. ஜெயிக்கிற இடத்தில் இருப்பாள், அவளுடைய கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டுவிடும்.

பத்ரிநாராயணன் போன் செய்தார். "மாமி, தப்பா எடுத்துக்காதேங்கோ. ஆட்டம் ரொம்ப நன்னா இருக்கு. யோசிக்கத்தான் நேரம் எடுத்துக்கறேள். ஞாயித்துக்கிழமை மேட்ச்ல ரிசர்வ்ல இருங்கோளேன்."

"நான் யோசிக்கவே இல்லையே. உடனே நகர்த்தினேன். காய்தான் போகவே இல்லை."

"எல்லாரும் அப்படித்தான் மாமி நினைச்சுப்பா" என்றார் அவர், மிகவும் மரியாதையாக.

கணவர் வெங்கடரமணன் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். "நாப்பதுக்கு மேல எல்லாருக்கும் கொஞ்சம் ஸ்லோவாத்தான் ஆகும் ஹம்சா. இதுக்குப் போய் ஏன் வருத்தப்படறே?"

(முதல் வரைவில் வெங்கடரமணனைக் கெட்டவராக எழுதியிருந்தேன். எனக்கு வசதியாக இருந்தது. ஆனால் நான் போன அன்று காபி போட்டுக் கொடுத்தவர் அவர். தான் செய்த வேலைகளைப் பற்றி அவருக்கு உயர்ந்த அபிப்பிராயம் உண்டு, அவ்வளவுதான்.)

மறுநாள் வகுப்பில், கரும்பலகையில் ஒரு சாதாரணப் பெருக்கலை எழுதும்போது ஹம்சாவின் கை நின்றது. விடை தெரியும். தெரிந்ததை நம்பத்தான் ஒரு நொடி பிடித்தது. பிள்ளைகள் காத்திருந்தார்கள். அந்த ஒரு நொடிதான் தன்னைப் பயமுறுத்தியது என்று என்னிடம் சொன்னாள்.

4

சனிக்கிழமை காலை பத்ரிநாராயணனைக் கூப்பிட்டாள். "நாளைக்கு நான் ஆடறேன். லைன்தான் மந்தம், நான் இல்லைன்னு இன்னிக்குக் கண்டுபிடிச்சுடறேன். முடியலைன்னா நானே ரிசர்வுக்குப் போயிடறேன்."

[கட்டுரையாக இருந்திருந்தால் வலியுல்லாவுக்குப் பிடித்திருக்கக்கூடிய இடம் இதுதான்.]

முதலில் லேப்டாப்பை அணைத்துப் போட்டாள். மாற்றமில்லை. பிறகு தளத்தை விட்டுவிட்டு வெறும் தொலைபேசியைக் காதில் வைத்தாள். பின்னறையில் டயல் சத்தத்தோடு அப்பளம் நொறுங்குவதுபோல ஒரு கரகரப்பு. ஹாலுக்கு ஓடி அங்கிருக்கும் போனை எடுத்தாள். அங்கேயும் கரகரப்பு இருந்தது, ஆனால் லேசாக. மறுபடி பின்னறை. மறுபடி ஹால். தெருவிலிருந்து லைன் ஹாலுக்குத்தான் வருகிறது. அங்கிருந்து பின்னறைக்குப் போகிற வழியில்தான் ஏதோ இருக்கிறது. கோளாறைத் தாங்க முடியாமல், அனுப்பியதையே லேப்டாப் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அவள் நகர்த்திய காய் வழியில் திண்டாடிக்கொண்டிருக்க, கடிகாரம் மட்டும் அவள் கணக்கில் ஓடியிருக்கிறது.

வயரைக் கையால் பிடித்துக்கொண்டே நடந்தாள். நிலைப்படி மேலே, சமையலறைச் சுவர், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய் மறைந்தது. வீட்டு வேலைக்கு வரும் வேலம்மாவைக் கூப்பிட்டாள். இருவரும் சேர்ந்து ஃப்ரிட்ஜை நகர்த்தினார்கள்.

வேலம்மாதான் முதலில் சிரித்தாள். "இன்னாம்மா இது? ஒயருக்கு பிளாஸ்திரி ஒட்டிகீது! அதுக்கு எங்க காயம்?"

நிஜமாகவே காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரி. பிரித்தால் உள்ளே இரண்டு வயர்களை முறுக்கிச் சேர்த்திருந்தது. செம்பு பச்சை பூத்திருந்தது.

"ஏன்னா! இங்க கொஞ்சம் வாங்கோ."

வெங்கடரமணன் வந்தார், பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"நான் போட்ட ஜாயிண்ட். அன்னிக்கு ஆத்துல டேப் இல்லை. இத்தனை வருஷம் நன்னாத்தானே பேசிண்டிருந்தோம்" என்றார்.

"பேசிண்டிருந்தோம். கரகரன்னு."

சுத்தம் செய்து திரும்ப முறுக்கலாம் என்று தொட்டார். வயரின் உறை கைபட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. "திங்கக்கிழமை புது ஒயர் வாங்கிண்டு வந்துடறேன். நாளைக்கு ஒரு நாள் எப்படியாவது—"

ஹம்சா சமையலறை அலமாரியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். ஹாலின் பக்கம் வயர் கிளம்புகிற இடத்தில் வைத்து, ஒரே வெட்டு. பிறகு ஹால் போனைக் காதில் வைத்தாள். டயல் சத்தம் தம்பூராவைப்போல ஒரே சீராக நின்றது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: நாளை ஹாலில்தான் ஆட வேண்டும். எல்லோர் முன்னாலும்.

5

ஞாயிறு பிற்பகல். ஹாலில் மாமனார் ராஜகோபாலன் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்ததும், "டிவிய நிறுத்தட்டுமாம்மா?" என்றார்.

"வேண்டாம்ப்பா. சத்தத்தை மட்டும் குறைச்சுக்கோங்கோ."

அவர் சத்தத்தைக் குறைத்தார். சிறிது நேரத்தில் நாற்காலியையே அவள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஹம்சா முதல் சிப்பாயை நகர்த்தினாள். தொட்ட கையை எடுப்பதற்குள் காய் போய்ச் சேர்ந்திருந்தது. கடிகாரத்தில் அநியாயமாக எதுவும் குறையவில்லை. தான் சத்தமாகச் சிரித்தது அவளுக்கே தெரியவில்லையாம். மாமனார் சொல்லித்தான் தெரியும்.

(எனக்குச் செஸ் தெரியாது. அவள் பலகையை வைத்து ஆடிக் காட்டினாள். நான் தலையாட்டினேன். எனக்குப் புரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.)

அணியில் நான்கு பேர். ஒருவர் ஜெயித்தார், ஒருவர் தோற்றார், ஒருவர் சமன். எல்லாம் ஹம்சாவின் ஆட்டத்தில் வந்து நின்றது. இருபக்கமும் சமபலம். எதிராளி ஒரு யானையைக் கொண்டுவந்து அவள் வழியை அடைத்தான். உடனே ஆட ஒரு பத்திரமான நகர்த்தல் இருந்தது. அவள் அதை ஆடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டாள். கடிகாரம் ஓடியது.

வெங்கடரமணனுக்குப் பொறுக்கவில்லை. "என்ன ஆச்சு? லைன் போயிடுத்தா?"

"லைன் இருக்கு" என்றாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் யோசிக்கறேன்."

யோசித்தாள். அவளுடைய நேரத்தை, அவளே செலவு செய்தாள். பிறகு தன் யானையை எதிராளியிடம் சும்மா தூக்கிக் கொடுத்தாள். அவன் எடுத்தான். எடுத்ததில் வழி திறந்தது. ஓரத்தில் கிடந்த சிப்பாய் ஒவ்வொரு கட்டமாக ஏறியது, கடைசிக் கட்டத்தில் ராணியானது. எதிராளி அதற்குமேல் ஆடவில்லை. விட்டுக்கொடுத்தான்.

"ஜெயிச்சுட்டியாம்மா?" என்றார் ராஜகோபாலன்.

"ஜெயிச்சுட்டேன்ப்பா."

அவர் எழுந்து நின்று கை தட்டினார், டிவியில் விக்கெட் விழுந்தால்கூட அப்படித் தட்டியதில்லை. வெங்கடரமணன் உள்ளே போனார். காபி டம்ளரோடு வந்து, லேப்டாப் பக்கத்தில் வைத்துவிட்டு, "நாப்பதைப் பத்தி நான் சொன்னது... அந்த ஜாயிண்ட் மாதிரிதான்னு வெச்சுக்கோ" என்றார்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். அடையாறிலிருந்து பத்ரிநாராயணன் நேராக ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். செருப்பைக் கழற்றும்போதே, "மாமி! அடுத்த மேட்ச்ல நீங்கதான் முதல் போர்டு!" என்று கத்தினார். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

6

இங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் போன அன்று ஃப்ரிட்ஜ் மேல் ஒரு புது வயர்ச் சுருளைப் பார்த்தேன். கடைக்காரர் கட்டிக் கொடுத்த சணல்கூட அவிழ்க்கப்படவில்லை.

முடிவு அ: வயர் போடப்படுகிறது. ஹம்சா பின்னறைக்குத் திரும்புகிறாள். கதவு சாத்தியிருக்கிறது, லைன் கண்ணாடி மாதிரி இருக்கிறது. நிம்மதியாக ஆடுகிறாள்.

முடிவு ஆ: வயர் போடப்படுவதில்லை. ஹாலில் அவள் ஆடும்போது மாமனார் அடுத்த நகர்த்தல் எது என்று யூகிக்கிறார், எப்போதும் தப்பாக. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள். அவளுக்குத் தனிமை இல்லை.

முடிவு இ: ஹம்சா ஒரு— (இல்லை. நான் அவளுக்குப் பதில் ஆடக்கூடாது.)

அவளிடமே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வெங்கடரமணன் அந்தச் சுருளை எடுத்துக்கொண்டு, ஏணியைத் தோளில் சாய்த்தபடி ஹாலுக்கு வந்தார். இந்த முறை கையில் நல்ல கறுப்பு டேப்பும் இருந்தது. மனைவியைப் பார்த்தார். நான் எழுந்து விடைபெற்றுக்கொண்டேன். அந்தப் பதில் அவர்கள் வீட்டுக்குள்ளேயே சொல்லப்பட வேண்டியது என்று தோன்றியது.

படியிறங்கும்போது அவர் கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

"சொல்லு ஹம்சா. எங்க போடட்டும்?"