இருபது நிமிடம்

ஆராய்ச்சிப் படிப்புக்கு ஒரே ஓர் இடம். வந்திருந்தவர்கள் எட்டுப் பேர். ஏழு பேர் அந்த வருஷம்தான் எம்.எஸ்ஸி. முடித்தவர்கள். மீதி ஒருத்தி ஒன்பது வருஷமாகப் பற்பசைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள். காத்திருந்த அரை மணி நேரத்துக்குள் அவளுக்கு ‘டூத்பேஸ்ட் அக்கா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

பரீட்சை சின்னதுதான். ரியோமீட்டர் என்று ஓர் இயந்திரம். இரண்டு வட்டத் தட்டுகளுக்கு நடுவே கூழோ பசையோ எதையாவது வைத்தால், மேல் தட்டு அதைத் திருகிப் பார்த்து, ஓடுவதற்கு அது எவ்வளவு அடம்பிடிக்கிறது என்று கோடு போட்டுக் காட்டும். கொடுத்த பாலிமர் பசையை அளக்க வேண்டும். ஆளுக்குப் பதினைந்து நிமிடம்.

ஏழாவதாக அவள் போனாள். பசையை வைத்தாள். தட்டை இறக்கினாள். பிதுங்கியதை வழித்தெடுத்தாள். காயாமலிருக்க மூடியைக் கவிழ்த்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

எதிரே மூன்று பேராசிரியர்கள். நடுவிலிருந்த துறைத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். இடப்பக்கத்தவர் துறைத் தலைவரைப் பார்த்தார். வலப்பக்கம் ஓர் அம்மையார், காலையிலிருந்து வாயே திறக்காதவர், பசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, பட்டன் எங்கன்னு தெரியலையா?” என்றார் துறைத் தலைவர்.

“தெரியும் சார். இப்பத்தான் தட்டை வச்சு நசுக்கியிருக்கேன். உள்ள எல்லாம் கலைஞ்சு கிடக்கும். பழையபடி ஆக இருபது நிமிஷமாவது ஆகும்.”

“உங்களுக்குப் பதினஞ்சு நிமிஷம்தான்.”

“அது பசைக்குத் தெரியாதே சார்.”

சொன்ன பிறகு அவளுக்கே திக்கென்றது. விரல் பட்டன்வரை போயிற்று. அழுத்தினால் எல்லோரையும்போல் ஏதோ ஒரு கோடு வரும். ஒரு தடவை மேலாளர் பிடுங்கிய பிடுங்கலில் அவசரமாக அளந்து, நாலாயிரம் ட்யூப் மூடியைத் திறந்ததுமே வழிந்தது ஞாபகம் வந்தது. கையை இழுத்துக்கொண்டாள். நேரம் முடிந்து வெளியே அனுப்பினார்கள்.

சான்றிதழ்களைக் கடைசியில்தான் தருவார்களாம். பெஞ்சில் உட்கார்ந்தாள். கணவன் போன் பண்ணினான்.

“ஆச்சா?”

“ஆச்சு. பசைதான் இன்னும் ரெடியாகலைங்க.”

“சரி, சாப்பிட்டியா?” என்றான். அவனுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம், இதெல்லாம் பழகிவிட்டது.

பதினைந்து நிமிடத்தில் எட்டாவது பையன் வந்தான். முகமெல்லாம் பல்.

“செம அதிர்ஷ்டம்க்கா! சாப்பாட்டு நேரமாச்சு, ஏற்கெனவே இருக்கறதையே அளந்துடுன்னாரு சார். பட்டனை அழுத்தினேன். கோடுன்னா கோடு, அப்படி ஒரு கோடு!”

அவளுக்கு ஓங்கி ஒன்று வைக்கலாம்போல இருந்தது. அதற்குள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

மேசையில் ஏழு கோடுகள். ஆறு, ஆறு திசையில் போயிருந்தன. பையனுடையது மட்டும் பிசிறில்லாமல், இருக்க வேண்டியபடி இருந்தது. துறைத் தலைவர் திரையைப் படித்தார்.

“தட்டை இறக்கினது ஏழாம் நம்பர். அளந்தது எட்டாம் நம்பர். நடுவுல இருபத்து மூணு நிமிஷம்.”

“நான் பட்டன் மட்டும்தான் சார் அழுத்தினேன்,” என்றான் பையன். அவளுடைய கோபத்தில் பாதி அங்கேயே இறங்கியது.

துறைத் தலைவர் அவள் பக்கம் திரும்பினார். “திங்கக்கிழமை சேர்ந்துடுங்க.”

அவள் சந்தோஷமாகத் தலையாட்டினாள். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். “ஃபேக்டரிக்கு ஒரு மாசம் நோட்டீஸ் கொடுக்கணும் சார்.”

“ஒரு மாசமா? அவ்வளவு நாள்லாம் காத்திருக்க முடியாதும்மா. தம்பி, நீ திங்கக்கிழமை வருவியா?”

பையன் அக்காவைப் பார்த்தான். அக்கா தரையைப் பார்த்தாள். அம்மையார் தொண்டையைச் செருமினார்.

“அவங்க காத்திருந்ததாலதான் சார் நமக்கு இந்தக் கோடு,” என்றார். “நாம ஒரு மாசம் காத்திருக்கலாம்.”

துறைத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, படிவத்தில் அவள் பெயரை எழுதினார்.

வெளியே வந்து கணவனுக்குப் போன் போட்டாள். “ரெடியாயிடுச்சுங்க,” என்றாள். அதற்குமேல் பேச்சு வரவில்லை. அவன் மறுமுனையில் ஒன்றும் கேட்காமல் காத்திருந்தான்.