கழற்றி வைத்த கையுறை

2025ஆம் ஆண்டு நவம்பர் 14, வெள்ளிக்கிழமை. விடியற்காலை முதல் தூறல். வல்லம் வடகால் சாலையின் பள்ளங்களில் நீர் தேங்கியிருந்தமையால், கம்பெனிப் பேருந்து ஊர்ந்தே சென்றது.

அன்று எனக்கு அளிக்கப்பட்ட தவணையின் இறுதி நாள். கார் இருக்கைகளைப் பொருத்தும் லைனில், ஒவ்வோர் இருக்கைக்கும் நான்கு போல்ட்டுகளை முடுக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் மஞ்சள் மையால் பொட்டு வைப்பது என் பணி. பொட்டு இருந்தால் போல்ட் முடுக்கப்பட்டுவிட்டது என்று பொருள். இடையில் எவரேனும் அழைத்தால், திரும்பிய கையோடு முடுக்காத போல்ட்டுக்கும் பொட்டு வைத்துவிடுவேன். இருமுறை அது சோதனையில் பிடிபட்டது. ஒரு மாதத் தவணை தந்து, அதற்குள் இன்னொரு முறை நிகழ்ந்தால் சரக்கு ஏற்றும் லோடிங் பிரிவுக்கு மாற்றிவிடுவதாகச் சூப்பர்வைசர் ஏலவார்குழலி மேடம் எச்சரித்திருந்தார்.

அது அலட்சியம் அன்று, ஏ.டி.எச்.டி. என்னும் கவனக் குறைபாடு. முப்பத்தொரு வயதில்தான் காஞ்சிபுரத்து மருத்துவர் அதனைக் கண்டறிந்தார். காலையில் மாத்திரை உட்கொள்கிறேன். எனினும், மாத்திரை பிறர் என்னை அழைப்பதைத் தடுக்காது. ஆகவே நானே ஒரு முறையை வகுத்தேன். எவரேனும் அழைத்தால் இடக்கைக் கையுறையைக் கழற்றி, முடிக்காத இருக்கையின்மீது வைத்துவிட்டுச் செல்வேன்; நான் தள்ளிவிடும்வரை இருக்கை அங்கேயே நிற்கும். திரும்பியதும் பொட்டுகளை நம்பாமல், நான்கு போல்ட்டுகளையும் ஸ்பேனரால் சோதிப்பேன்.

அடுத்த இடத்தில் பணிபுரியும் வேல்ராஜ் என் அறைத்தோழன்; இருவரும் அம்பாசமுத்திரத்தினர். அவனுக்கு இது வேடிக்கை.

"எலேய் நம்பி, சீட்டுக்குக் குளுருதுன்னு கிளவுஸ் மாட்டி விடுதியால?"

"சிரிச்சிட்டுப் போல. எனக்கு வேல நடக்குல்லா."

பிற்பகலில், இருக்கைகளை வாங்கும் கம்பெனியிலிருந்து மூவர் பார்வையிட வந்தனர்.

"நம்பிராஜன்! இங்க வாப்பா, சார் இன்னாவோ கேக்கறாரு!" என்று மேடம் அழைத்தார்.

கையுறையை வைத்துவிட்டுச் சென்றேன். கேட்டவற்றுக்கு விடையளித்துத் திரும்பியபோது, கையுறை என் மேசையில் மடிக்கப்பட்டுக் கிடந்தது. இருக்கையோ வேல்ராஜையும் கடந்து போய்க்கொண்டிருந்தது. அதில் நான்கு பொட்டுகளும் இருந்தன.

"யாருல எடுத்தது?"

"நாந்தாம்ல. ஆளுக வந்திருக்கையில அழுக்கு கிளவுஸா சீட்டுல கெடக்கும்? ரெண்டு பொட்டு கொறஞ்சுது, வச்சுத் தள்ளிவிட்டுட்டேன்."

"முடுக்குனியா?"

"நீ முடுக்கிட்டுப் பொட்டத்தான் மறந்துட்டன்னு நெனச்சேன். ஏ, கயித்த இழுத்துராதல! அவுக நிக்காவ. இன்னைக்கு ஒனக்குக் கடைசி நாளு!"

எத்தனை முடுக்கினேன் என்பது என் நினைவில் இல்லை. நினைவில் இல்லை என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்தது. லைனை நிறுத்தும் கயிற்றை இழுத்தேன். விளக்கு சுழன்றது. விருந்தினர் மூவரும் திரும்பினர்.

மேடம் விரைந்து வந்தார். "இன்னாப்பா இது, அவங்க பாத்துக்கினு கீறாங்க! இன்னா ஆச்சு?"

"ரெண்டு போல்ட் முடுக்குனேனான்னு தெரியல மேடம். அதான் நிறுத்துனேன்."

அந்த இருக்கையின் போல்ட்டுகளை ஸ்பேனரால் திருகிப் பார்த்தேன். முதலிரண்டும் அசையவில்லை. மூன்றாவது வழுக்கிச் சுழன்றது, நான்காவதும் அவ்வாறே.

"பொட்டு நான்தான் வச்சேன் மேடம்" என்றான் வேல்ராஜ், தரையைப் பார்த்தவாறு.

நான் நிமிர்ந்து நின்றேன். "எனக்கு ஏ.டி.எச்.டி. இருக்கு மேடம். மாத்திர சாப்பிடுதேன். நடுவுல கூப்பிட்டா, கை எங்க நின்னுச்சுன்னு மறந்துரும். நாலாவது பொட்டு வைக்கிற வரைக்கும் காத்திருந்து கூப்பிடுங்க. அது போதும்."

"லைன் நின்னுகினு கீது. மொதல்ல முடுக்கு" என்று கூறிவிட்டு, அவர் விருந்தினரிடம் சென்றார். முடுக்கினேன். லைன் நகர்ந்தது.

ஷிஃப்ட் முடியும் தறுவாயில் மேடம் மீண்டும் வந்தார். லோடிங் பிரிவைப் பற்றித்தான் சொல்லப் போகிறார் என்று எண்ணினேன். ஆனால் அவர் என் வேலையைப் பார்த்தவாறு கைகளைக் கட்டிக்கொண்டு அருகில் நின்றார். இரண்டாவது போல்ட். மூன்றாவது. நான்காவதை முடுக்கிப் பொட்டு வைத்தேன்.

"ஆச்சா?"

"ஆச்சு மேடம்."

"இப்போ சொல்றேன், கேட்டுக்கோ. நாளிக்கும் இங்கியே நில்லு. அந்தக் கிளவுஸ மட்டும் தோச்சி எடுத்துனு வா. நாறுது."

வேல்ராஜ் சிரித்தான். நான் சிரிக்கவில்லை, அடுத்த இருக்கை வந்துவிட்டிருந்தது. அதன் நான்கு போல்ட்டுகளையும் முடுக்கிப் பொட்டு வைத்து அனுப்பினேன். ஷிஃப்ட் முடிவுற்ற நேரம், பிற்பகல் மூன்று மணி முப்பது நிமிடம்.