நாற்பத்தோராவது ஆள்

1

இந்தக் கதை ஒரு நீலப் பட்டையிலிருந்து வந்தது. 2001-இல் கீழ்பென்னாத்தூரில் ஒரு நிச்சயதார்த்தம் முடிந்து திரும்பும் வழியில், திருவண்ணாமலையில் தோழி வீட்டில் மதியத்தைக் கழித்தேன். டிவியில் உள்ளூர் கேபிள்காரர் ஓர் அம்மன் படம் போட்டிருந்தார். திரையின் அடியில் நீலப் பட்டை ஓடியது. ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கல்யாண மண்டபம், கம்ப்யூட்டர் வகுப்பு. அவற்றுக்கு நடுவில் இப்படி ஒரு வரி:

‘அம்மன் கடைசியில்தான் வருவாங்க. அதுவரைக்கும் மருமகள் அடி வாங்கணும். கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கலாம்.’

தோழி காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுப் படித்தாள். “தெனமும் ஒண்ணு வரும். யாரு எழுதறாங்கன்னு தெரியாது. இதைப் படிச்சுட்டுதான் உக்காரலாமா, துணி துவைக்கப் போலாமான்னு முடிவு பண்றோம்.”

எழுதியவர் யார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் கட்டுரை எழுத வேண்டியிருந்திருக்கும். எனக்குக் கதைதான் வரும். அதிலும் குடும்பக் கதை.

2

முதல் தொடக்கம்: ‘மலையின் மேல் மேகம் கவிந்திருந்த ஒரு…’

திருவண்ணாமலைக் கதை எல்லாமே மலையில் தொடங்குகிறது. மலைக்கு சினிமா பற்றி அபிப்பிராயம் கிடையாது. விட்டுவிட்டேன்.

இரண்டாவது: ‘முப்பத்தொரு வயதாகியும் கஸ்தூரிக்கு இன்னும்…’

வருஷக்கணக்காகக் குடும்ப நாவல் எழுதிய கை. பெண் என்றதும் வயதைச் சொல்லி, பெருமூச்சு விட்டு, தரகரைக் கூப்பிடப் போய்விடுகிறது. இதையும் அடித்தேன்.

மூன்றாவது: ‘கஸ்தூரி எந்தப் படத்தையும் பாதியில் நிறுத்தியதில்லை.’

இது பரவாயில்லை. இதிலிருந்து போகலாம்.

3

கஸ்தூரி எந்தப் படத்தையும் பாதியில் நிறுத்தியதில்லை. அண்ணன் பலராமன் ஊரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுக்கொண்டிருந்த நிலத்தை விற்று, டவுனில் கேபிள் தொழில் தொடங்கியவன். மொட்டைமாடியில் டிஷ் ஆன்டெனா, கீழே முன்னறையில் மிஷின்கள். அந்த அறைக்குக் கன்ட்ரோல் ரூம் என்று பெயர். அரிசி மூட்டையும் அங்கேதான் இருந்தது. மதியம் இரண்டு மணிக்குப் படத்தைப் போட்டு விளம்பரங்களை டைப் அடிப்பது கஸ்தூரியின் வேலை. ஒருநாள் விளம்பரம் கம்மியாக இருந்தது. காலியாக ஓடுவானேன் என்று, ஓடுகிற படத்தைப் பற்றித் தோன்றியதை அடித்தாள். யாரும் திட்டவில்லை. மறுநாளும் அடித்தாள்.

பேய்ப் படத்துக்கு: ‘பேய் வரும்வரை பயமா இருக்கு. வந்து பேச ஆரம்பிச்சதும் போயிடுது.’

காதல் படத்துக்கு: ‘அவனை ஏன் புடிச்சுதுன்னு அவள் கடைசிவரை சொல்லலை. அவளுக்கே தெரியலைபோல.’

துப்பறியும் படத்துக்கு: ‘கொலைகாரன் யாருன்னு இடைவேளைக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். அடுப்பு வேலை இருக்கிறவங்க எழுந்து போகலாம்.’

தமிழில் பேசவைத்த ராட்சதப் பாம்புப் படத்துக்கு: ‘பாம்பு மட்டும்தான் இயல்பா இருக்கு. அதுக்கு டப்பிங் இல்லை.’

(அவளுடைய அளவுகோல் என்ன என்று இங்கே ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். ‘சினிமா என்பது சாமானியரின்…’ வேண்டாம். கஸ்தூரி அப்படி யோசிக்கிறவள் இல்லை. ஒரு பொம்பளை மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்து உட்கார்கிறாள். அதற்கு இந்தப் படம் என்ன தருகிறது? அவள் கேட்டது இவ்வளவுதான்.)

அண்ணி உண்ணாமலைக்கு மட்டும் ஒரு குறை.

“அந்தக் குடும்பப் படத்துல நான் எவ்ளோ அழுதேன். நீ ஒரே வரியில முடிச்சுட்ட.”

“நீங்க அழுதது படத்துக்கா அண்ணி, உங்க மாமியாருக்கா?”

“உங்கம்மாதானடி எனக்கு மாமியாரு.”

“அதான் கேக்கறேன்.”

4

பிறகு ஒரு பெரிய நடிகரின்* அடிதடிப் படம் வந்தது. கஸ்தூரி முழுதும் பார்த்தாள். அடித்தாள்:

‘ஒரே ஆள் நாற்பது பேரை அடிக்கிறார். நாற்பத்தோராவது ஆள் நாமதான்.’

(* பெயர் சொல்லமாட்டேன். உங்களுக்குப் பிடிக்காத நடிகரைப் போட்டுக்கொள்ளுங்கள். பிடித்தவரைப் போட்டுப் படித்தால் கதை இன்னும் நன்றாக இருக்கும்.)

மாலைக்குள் அந்த வரி டீக்கடைகளுக்குப் போய்விட்டது. அந்த நடிகரின் ரசிகர் மன்றத்துப் பையன் எவனாவது வந்தால், “வா, நாப்பத்தொண்ணு” என்று கூப்பிட்டார்கள். மன்றப் பலகையில் யாரோ சாக்பீஸால் அந்த எண்ணை எழுதினார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் மன்றத்தார் கும்பலாக வந்து பலராமனிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்: நாளைக்கு அதே படம், கீழே ஒழுங்கான வரி. இல்லாவிட்டால் ரசிகர் வீடுகள் அத்தனையும் பக்கத்துத் தெரு கேபிளுக்கு மாறிவிடும்.

“படம் சூப்பர்னு ஒரு வரி போடு. அத்தோட போச்சு” என்றான் பலராமன்.

“போட்டுட்டா, நாளன்னைக்கு நான் எழுதறத எவ நம்புவாண்ணா?”

“நம்பாட்டி போறாங்க. கனெக்‌ஷன் போனா திரும்பி வராது. முடியாதுன்னா சொல்லிடு, இனிமே விளம்பரம் மட்டும் ஓடட்டும்.”

அந்த வீட்டில் அரிசி கஸ்தூரியுடையதல்ல, மிஷின் அவளுடையதல்ல, அறையும் அவளுடையதல்ல. அந்த ஒரு வரி மட்டும் அவளுடையது. பொய் எழுதினாலும் அது போய்விடும். எழுத மறுத்தாலும் போய்விடும்.

(இந்த இடத்தில் அவளை அழவைத்துப் பார்த்தேன். அழமாட்டேன் என்கிறாள்.)

5

மறுநாள் வரி ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க மன்றச் செயலாளர் நேரிலேயே வந்தான். பெயர் அறிவுச்செல்வன். கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை. தேய்த்த வெள்ளைச் சட்டை, பையில் நடிகரின் படம் போட்ட பேட்ஜ். கல்யாணம் ஆகவில்லை.

என் வாசகிகள் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். எனக்கும் கை பரபரத்தது. (‘அவன் கண்களில் ஏதோ ஒரு…’ ஒன்றும் இல்லை. தூசி விழுந்து சிவந்திருந்தது.)

“நீங்களா எழுதறது? நான் யாரோ ரிடையர்டு வாத்தியார்னு நெனச்சேன்” என்றான்.

“வாத்தியார்னா விட்ருப்பீங்களா?”

“பெரியவர்னு விட்ருப்போங்க.”

“எனக்கு முப்பத்தொண்ணு ஆவுது. பத்தாதா?”

அவன் சிரிக்கக் கூடாது என்று வந்தவன். பலராமன் நீட்டிய டீயை வாங்கி, அதில் முகத்தை மறைத்துக்கொண்டான். “அந்தப் பாம்பு படத்துக்கு எழுதினீங்களே. கடையில மிஷினை நிறுத்திட்டு சிரிச்சேங்க” என்றான்.

“இந்தப் படம் உங்களுக்குப் புடிச்சுதா?”

“கட்அவுட்டுக்குப் பால் ஊத்தினதே நாந்தாங்க.”

“அது கட்அவுட்டுக்கு. படம்?”

“பசங்களுக்கெல்லாம் ஜாஸ்தி புடிச்சுது.”

“உங்களுக்கு?”

அறிவுச்செல்வன் வாசலைத் திரும்பிப் பார்த்தான். எதிர்த்த டீக்கடையில் மன்றத்துப் பையன்கள் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“நான் செயலாளருங்க” என்றான்.

இவனை நான் சந்தேகப்படுகிறேன். பிடிக்கவில்லை என்று ரகசியமாகச் சொல்லவைத்திருந்தால் வாசகிக்கு இவனைப் பிடித்திருக்கும், கதை ஓடியிருக்கும். ஆனால் பதின்மூன்று வயதிலிருந்து ஒரு முகத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறவனுக்குப் பிடிக்கவில்லை என்பது அவ்வளவு லேசில் தெரியவராது. இரண்டாம் பாதியில் தனக்குத் தூக்கம் வந்ததை, முந்தின நாள் பேனர் கட்டிய அசதி என்றே அவன் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கலாம்.

கஸ்தூரி படத்தை ஓடவிட்டாள். நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“நீங்களே அடிங்க.”

“எனக்கு டைப் வராதுங்க.”

“தமிழ் டைப்பிங், டிடிபி செய்து தரப்படும்னு உங்க கடை போர்டுல இருக்குதே.”

“கஸ்தூரி, என்னா இது?” என்றான் பலராமன்.

“ஒழுங்கான வரி வேணும்னீங்க. நான் அடிச்சா பொய்ண்ணா. அவருக்கு நெஜமாவே புடிச்சிருந்தா அது பொய்யில்ல. அவரு பேரையும் கீழ போட்டுக்கட்டும்.”

பேர் என்றதும் அறிவுச்செல்வன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். அதுவரை அவன் எத்தனையோ போஸ்டர் அச்சடித்திருக்கிறான். எல்லாவற்றிலும் ‘இவண் மன்றத்தினர்’.

6

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் ‘படம் சூப்பர்’ என்று அடித்து, தன் பெயரைப் போடுகிறான். கேபிள் பிழைக்கிறது. கஸ்தூரியின் வரியும் பிழைக்கிறது, ஏனென்றால் பொய் அவள் பெயரில் இல்லை. கணக்குச் சரியாக வருகிறது. படித்து முடித்ததும் எனக்கு அவன்மேல் பாவமாக இருந்தது.

இரண்டாவதில் உண்மையை அடிக்கிறான். மன்றம் அவனை நீக்குகிறது. அடுத்த அத்தியாயத்தில் பலராமன் தாம்பூலத் தட்டுடன் ஜெராக்ஸ் கடைக்குப் போகிறான். இந்தக் கல்யாணத்தை நான் பலமுறை நடத்தியிருக்கிறேன். சாம்பார் ருசிகூடத் தெரியும். கஸ்தூரியைக் கேட்டால், அவனை ஏன் பிடித்தது என்று காரணம் எழுதச் சொல்வாள். என்னிடம் காரணம் இல்லை.

மூன்றாவதில் எதுவும் அடிக்காமல் உட்கார்ந்திருக்கிறான், படம் முடிகிறது. இலக்கியப் பத்திரிகைக்கு இது பிடிக்கும். ஆனால் இதற்குக் கீழே ஓடக்கூடிய வரியும் எனக்குத் தெரியும்: ‘முடிக்கத் தெரியலைன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்.’

7

ஆகவே நடந்தவரை மட்டும் சொல்கிறேன்.

அறிவுச்செல்வன் நாற்காலியில் உட்கார்ந்தான். பலராமன் பின்னால் நிற்கப் போனான். கஸ்தூரி, “நீங்க வாங்கண்ணா, எழுதும்போது பாத்தா வராது” என்று அவனை வெளியே கூப்பிட்டுக்கொண்டாள். கதவைச் சாத்தவில்லை. உள்ளே விரல்கள் தட்டும் சத்தம் கேட்டது, நின்றது, ஒரே பொத்தானைப் பலமுறை தட்டி அழிக்கும் சத்தம் கேட்டது. மறுபடி தட்டினான்.

கூடத்தில் உண்ணாமலை பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். கஸ்தூரி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இத்தனை நாளில் என்ன வரப்போகிறது என்று தெரியாமல் அந்தப் பட்டையை அவள் பார்ப்பது இதுதான் முதல்தடவை. இதற்காகவா இந்தத் தெருவே காயை நறுக்காமல் உட்கார்ந்திருந்தது என்று நினைத்தாள்.

ஜவுளிக்கடை போனது. மண்டபம் போனது. பிறகு நடிகரின் பட்டப்பெயர்கள் வரிசையாக வந்தன.

“இதுக்கே படம் முடிஞ்சுடும்போல” என்றாள் உண்ணாமலை.

எதிர்த்த டீக்கடையில் விசில் பறந்தது. நடிகரின் பெயர் வந்தது. ‘நடித்த’ வந்தது. ‘இந்தப் படம்’ முழுதாக வந்துவிட்டது. அடுத்த சொல்லின் முதல் எழுத்து வலது ஓரத்தில் தலைகாட்டுகிறது. விசில் நின்றுவிட்டது.

கஸ்தூரி பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுகிறாள். நீங்களும் உட்காருங்கள்.