ஆர்வேயின் தகுதி

ஆர்வே கையைத் தூக்கியதும், பார்வையாளர் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யோருன் பின்னல் ஊசிகளை மடியில் வைத்துவிட்டாள். எங்கள் லாங்விக் பள்ளிக்கூடத்தை மூடுவதா வேண்டாமா என்று ஊராட்சி மன்றம் ஓட்டெடுக்கிற நாள் அது. ஊரில் பாதிப் பேர் காலைப் படகு பிடித்து வந்திருந்தோம். பள்ளிக்கூடம் ஒரே ஓட்டில் பிழைத்துவிடும் என்று எல்லோரும் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அந்த ஒரு ஓட்டு மன்ற உறுப்பினரான என் கணவன் ஆர்வேயுடையது.

"நான் அந்தப் பள்ளிக்கூடத்துல அறிவியல் வாத்தியார். இதுல ஓட்டுப் போட எனக்குத் தகுதி இருக்கா இல்லையான்னு மன்றமே முடிவு பண்ணட்டும்" என்றான் ஆர்வே.

அவனை அப்படி ஒருவரும் கேட்கவில்லை. மூட வேண்டும் என்று நின்றவர்கள்கூடக் கேட்கவில்லை. எங்கள் மன்றங்களில் இதற்கென்றே ஒரு சொல் உண்டு, இன்ஹபில். தனக்குச் சம்பந்தப்பட்ட விஷயத்தில் ஓட்டுப் போடத் தகுதியில்லாதவன் என்று அர்த்தம். பேச்சு வந்துவிட்டால் ஆள் எழுந்து வெளியே போய் நிற்க வேண்டும். தகுதியில்லை என்று முடிவானால், கட்சிப் பட்டியலில் அடுத்த பெயர்க்காரன் உள்ளே வந்து அந்த நாற்காலியில் உட்காருவான். அன்று காலை சமையலறையில் ரொட்டித் துண்டுகளின்மேல் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவி வைத்தபடி ஆர்வே இதை என்னிடம் சொல்லியிருந்தான். "நம்மள எல்லாருக்கும் தெரியும் டாக்னி. தகுதி இருக்குன்னுதான் சொல்வாங்க. அப்புறம் ஒருத்தனும் வாய் திறக்க முடியாது." இல்லை என்று சொல்லிவிட்டால் என்று கேட்டேன். சொல்ல மாட்டார்கள் என்றான். ஆனாலும் முதல் நாளே அடுத்த பெயர்க்காரனான ஸ்டியானுக்குப் போன் செய்து, வாசலில் தயாராக இருக்கச் சொல்லியிருந்தான். முறை என்றால் முறையாம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். போன் போட்டு ஆள் வரவழைத்து வைத்துக்கொண்டவனை அன்றுதான் பார்த்தேன்.

மன்றத் தலைவி குன்வோர் கைகளை எண்ணினாள். தகுதியில்லை என்று முடிவானது. அதற்குக் கை தூக்கியவர்களில் எங்கள் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். அவனே சந்தேகப்படும்போது நாம் எப்படித் தகுதி இருக்கிறது என்பது என்று நினைத்திருப்பார்கள். கதவைத் திறந்துகொண்டு ஸ்டியான் வந்தான். ஆர்வேயிடம் படித்தவன், இப்போது மீன் பண்ணையில் மேற்பார்வையாளன். பட்டியலை நிரப்ப ஆள் கிடைக்காமல் ஆர்வேதான் அவன் வீட்டுக்குப் போய், பெயரை மட்டும் கொடு, உட்காரவே வேண்டியிருக்காது என்று கெஞ்சிச் சேர்த்தவன். ஸ்டியான் உட்கார்ந்தான். மூடலாம் என்று கை தூக்கினான். ஒரே ஓட்டில் பள்ளிக்கூடம் போயிற்று.

வெளியே காப்பிக் குடுவையின் பக்கத்தில் ஆர்வே நின்றிருந்தான். ஸ்டியான் நேராக அவனிடமே வந்தான். எங்கள் ஊரில் வாத்தியாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம்.

"கோவிச்சுக்காத ஆர்வே. நீதான கிளாஸ்ல சொல்லுவ, மனசு சொல்றத எழுதாத, கருவி காட்டுறத எழுதுன்னு. வருசா வருசம் பிள்ளைங்க குறையுது. கருவி அதத்தான காட்டுது?"

ஆர்வே தலையாட்டினான். "நீ படிச்சது சரிதான்" என்றான். எனக்கு அந்தக் குடுவையைத் தூக்கி இரண்டு பேர் தலையிலும் ஊற்றலாம் போலிருந்தது.

திரும்பும் படகில் யாரும் அவனைத் திட்டவில்லை. எங்கள் ஆட்களுக்குத் திட்டத் தெரியாது. எங்கள் மேசையில் மட்டும் யாரும் வந்து உட்காரவில்லை. இறங்கும்போது யோருன் அவன் தோளைத் தொட்டு, "நீ நேர்மையான மனுசன் ஆர்வே" என்றாள். அவளுடைய இரண்டு பிள்ளைகள் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தன. அதைவிடக் கெட்ட வார்த்தையை நான் இன்றுவரை கேட்டதில்லை.

"யாரு கேட்டா? உன்ன ஒருத்தராவது கேட்டாங்களா?" என்றேன் வீட்டில்.

"கேட்டிருப்பாங்க."

"கேட்டா கேக்கட்டும்! கேட்டப்புறம் பதில் சொல்லக் கூடாதா? ஊருக்குப் பள்ளிக்கூடம் முக்கியமா, உன் சட்ட வெள்ளையா இருக்கறது முக்கியமா?"

அவன் சன்னலுக்கு வெளியே வெப்பமானியைப் பார்த்துவிட்டு, இரவில் பனி உறையும் என்றான்.

இலையுதிர் காலத்திலிருந்து அவனும் அதே படகில் பிள்ளைகளோடு எதிர்க்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தான். அவர்கள் அவனைச் சுற்றி உட்கார்ந்து அலைகளைப் பற்றிக் கேள்வி கேட்பார்களாம். பெரியவர்கள் பழையபடியே வேறு மேசை. காலிக் கட்டிடத்தை நகரத்துச் சுற்றுலாக் கம்பெனி ஒன்று விலைக்குக் கேட்டது. எங்கள் ஊர்ச் சங்கமும் பொது மண்டபமாக வைத்துக்கொள்ளக் கேட்டது. மறுபடி மன்றம், மறுபடி ஒரு ஓட்டு இழுபறி. இந்த முறை நான் முந்திக்கொண்டேன்; மனைவிக்குச் சம்பந்தம் இருந்தாலும் தகுதி போய்விடும். சங்கத்தில் பொறுப்பு எடுக்கச் சொன்னார்கள், மறுத்தேன். நிதிக்காக வாஃபிள் சுட்டு விற்றபோது மாவு கலக்கக்கூடப் போகவில்லை. யோருனிடம் காரணத்தைச் சொன்னேன். அவள் பல வாரங்களுக்குப் பிறகு சிரித்தாள். "இந்தத் தடவ உன் ஆளு மேல தூசு படாம பாத்துக்க" என்றாள். கூட்டத்தன்று காலை ஆர்வேக்கு ரொட்டியை மெழுகுத்தாளில் சுற்றிக் கொடுத்தபோது ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டான்.

கூட்டத்தைக் கம்ப்யூட்டரில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் யோருனும் இருந்தாள். "தகுதி பத்தி யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு, குன்வோர் பதிலுக்குக் காத்திராமல் தாளைப் புரட்டினாள். ஆர்வேயின் கை மேலே போனது.

"சங்கத்தோட குலுக்கல் பரிசுக்கு என் மனைவி ஒரு ஜோடிக் கையுறை பின்னிக் குடுத்திருக்கா" என்றான்.

மன்றத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்கு முதலில் புரியவே இல்லை. கையுறையா? போன குளிர்காலத்தில், கட்டிடத்தைப் பற்றிப் பேச்சு எதுவும் தொடங்காத காலத்தில், கொடுத்தது. நானே மறந்துவிட்டேன். யோருன் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து மேலங்கியை எடுத்து மாட்டத் தொடங்கினாள்.

ஆர்வே வெளியே போனான். கைகள் உயர்ந்தன, எண்ணினார்கள். குன்வோர் வாசலைப் பார்த்துத் தலையசைத்தாள். கதவு உடனே திறந்தது. அத்தனை பக்கத்தில் தயாராக நின்றிருந்தான் ஸ்டியான். அப்படியானால் முதல் நாள் சாயங்காலம், நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, முன்னறையில் ஆர்வே தணிந்த குரலில் போனில் பேசியது இவனோடுதான்.

ஸ்டியான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மேசைமேல் ஆர்வே விட்டுப்போன மெழுகுத்தாள் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. அதை ஒரு விரலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒலிவாங்கியைத் தன் வாய் உயரத்துக்கு வளைத்தான்.